குழந்தை பிறந்ததும் அழுததா?

பிரசவச் செய்தி வந்தால் நம் வீட்டுப் பெரியவர்கள் மூன்று கேள்வி கேட்பார்கள். என்ன குழந்தை? தாயும் பிள்ளையும் சுகமா? பிறந்ததும் அழுததா? கடைசிக் கேள்விக்கு, "உடனே அழவில்லை, கொஞ்ச நேரம் கழித்துத்தான் அழுதது" என்று பதில் வந்துவிட்டால் கூடத்தில் ஒரு நிமிடம் யாரும் பேசமாட்டார்கள். எல்லோர் மனசிலும் ஓடுவது ஒன்றுதான்: இந்தப் பிள்ளை நாளைக்கு நடக்குமா, பேசுமா, பள்ளிக்கூடம் போகுமா?

இந்தக் கேள்விக்கு மருத்துவர்கள் பதில் தேடத் தொடங்கி 160 ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. அந்தத் தேடலின் கதையை இன்று எழுதுகிறேன். நான் மருத்துவன் அல்ல. அரசு அலுவலகத்தில் கோப்பு பார்த்து ஓய்வு பெற்றவன். என் உறவில் ஒரு வீட்டில் இப்படி ஒரு பேரப்பிள்ளை பிறந்தபோது அந்த வீட்டார் பட்ட பாட்டைப் பார்த்துத்தான் இதைப்பற்றிப் படிக்க ஆரம்பித்தேன். பிரெஞ்சு வழியில் படித்தவன் என்பதால் பாரிஸ் மருத்துவர்கள் செய்த வேலையையும் அவர்கள் மொழியிலேயே தெரிந்துகொள்ள முடிந்தது. பேரன் பேத்தி எடுத்தவர்களுக்கும் எடுக்கப் போகிறவர்களுக்கும் இதில் ஏதாவது பயன்படலாம்.

முதலில் சங்கதி என்னவென்று பார்ப்போம். வயிற்றில் இருக்கும்வரை பிள்ளைக்கு மூச்சு நஞ்சுக்கொடி வழியாகத்தான். கொடி நசுங்கினாலோ, நஞ்சு முன்னதாகவே பிரிந்துவிட்டாலோ, பிரசவம் அளவுக்கு மீறி நீண்டாலோ, கருப்பை கிழிந்தாலோ பிள்ளையின் மூளைக்குப் போகிற ரத்தமும் ஆக்சிஜனும் குறைந்துவிடும். கொஞ்ச நேரம் என்றால் பெரும்பாலும் தாங்கிக்கொள்ளும். நீடித்தால் மூளை பாதிக்கப்படும். வசதியான நாடுகளிலேயே 1000 பிரசவத்துக்கு 1 முதல் 3 குழந்தைகள் வரை இப்படிப் பாதிக்கப்படுகின்றன. நம் போன்ற நாடுகளில் இன்னும் கூடுதல். இவர்களில் சிலர் இறந்துபோகிறார்கள். சிலர் கை கால் இறுகி, பேச்சு வராமல் வளர்கிறார்கள். சிலர் ஒரு குறையும் இல்லாமல் ஓடி விளையாடுகிறார்கள். முதல் நாள் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடக்கும்போது இவர் இன்னார் என்று பிரித்துச் சொல்ல முடியுமா என்பதுதான் இத்தனை காலமாக நடக்கிற ஆராய்ச்சி.

மருத்துவர் இப்படி முன்கூட்டிச் சொல்வதைப் பிரெஞ்சில் 'ப்ரொனொஸ்திக்' என்பார்கள். குதிரைப் பந்தயத்தில் எந்தக் குதிரை ஜெயிக்கும் என்று பத்திரிகையில் போடுகிறார்களே, அதற்கும் பிரெஞ்சில் அதே சொல்தான். இந்த ஒற்றுமை எனக்கு அடிக்கடி நினைவுக்கு வரும்.

லிட்டில் சொன்னதும் ஃப்ராய்ட் சந்தேகப்பட்டதும்

வில்லியம் ஜான் லிட்டில் லண்டன்காரர், 1810இல் பிறந்தவர். சின்ன வயதில் இளம்பிள்ளை வாதம் வந்து ஒரு பாதம் கோணிப்போனது. பெரியவராகி மருத்துவம் படித்தபின், ஜெர்மனியில் ஹனோவர் நகரத்து அறுவை மருத்துவர் ஸ்ட்ரோமயரிடம் போய் 1836இல் தன் காலைச் சரிசெய்துகொண்டார். அந்த வித்தையைத் தானும் கற்றுக்கொண்டு வந்து, லண்டனில் கை கால் கோணிய பிள்ளைகளுக்கென்றே ஒரு மருத்துவமனை தொடங்கினார். கால் இறுகி, கத்திரிக்கோல் போலப் பின்னிக்கொண்டு நடக்கும் பிள்ளைகள் அவரிடம் வந்துகொண்டே இருந்தார்கள். ஒவ்வொரு தாயிடமும் பிரசவம் எப்படி நடந்தது என்று அவர் விசாரித்தார். குறைமாதம், கஷ்டப் பிரசவம், பிறந்ததும் மூச்சில்லை என்று திரும்பத் திரும்ப அதே பதில்கள் வந்தன.

1861 அக்டோபர் 2ஆம் தேதி லண்டன் பிரசவ மருத்துவர் சங்கத்தில் இதையெல்லாம் ஒரு கட்டுரையாக வாசித்தார். பிறப்பின்போது ஏற்படும் மூச்சுத் தடை, பிள்ளையின் உடம்பையும் அறிவையும் பின்னால் பாதிக்கலாம் என்று விரிவாக எடுத்துச் சொன்ன முதல் கட்டுரை அது என்கிறார்கள். ஷேக்ஸ்பியரின் மூன்றாம் ரிச்சர்ட் மன்னனைக்கூட உதாரணம் காட்டினார். வெகுகாலம் இந்த நோய்க்கே 'லிட்டில் நோய்' என்று பெயர் இருந்தது. இப்போது பெருமூளை வாதம் என்கிறோம். ஆஸ்பத்திரியில் சி.பி. என்று சுருக்கிச் சொல்வார்கள். ஒன்றைக் கவனியுங்கள்: மூச்சில்லாமல் பிறந்து பிழைக்க வைக்கப்பட்ட குழந்தைகளில் பெரும்பாலோர் நன்றாகவே ஆகிவிடுகிறார்கள் என்று அதே கட்டுரையில் லிட்டில் தெளிவாகவே சொல்லியிருந்தார். பின்னால் வந்தவர்கள் அந்தப் பகுதியை அவ்வளவாகக் கண்டுகொள்ளவில்லை.

அவருக்கு மறுப்புச் சொன்னவர் நமக்கெல்லாம் வேறு காரணத்துக்காகத் தெரிந்த ஆள். சிக்மண்ட் ஃப்ராய்ட்! கனவுகளைப் பற்றி எழுதிப் பேர் வாங்குவதற்கு முன்பு அவர் நரம்பு மருத்துவர். பாரிஸில் சல்பேத்ரியேர் மருத்துவமனையில் ஷர்க்கோவிடம் சில மாதங்கள் இருந்துவிட்டு வியன்னா திரும்பி, அங்கே ஒரு குழந்தைகள் மருத்துவமனையில் நரம்புப் பிரிவைப் பார்த்துக்கொண்டார். 1897இல் குழந்தைகளுக்கு வரும் பெருமூளை வாதம் பற்றிப் பெரிய நூல் ஒன்று எழுதினார். கஷ்டப் பிரசவத்தில் பிறந்த பிள்ளைகள் பலர் நன்றாக இருக்கிறார்களே என்பது அவருடைய முதல் கேள்வி. வாதம் வந்த பிள்ளைகளில் பலருக்கு வலிப்பு, பார்வைக் கோளாறு, அறிவு வளர்ச்சிக் குறைவு என்று வேறு சிக்கல்களும் சேர்ந்திருக்கின்றனவே என்பது இரண்டாவது. ஆகவே சில பிள்ளைகளுக்குக் கோளாறு வயிற்றுக்குள் இருக்கும்போதே தொடங்கியிருக்கலாம், பிரசவம் கஷ்டப்பட்டது அதன் விளைவாகக்கூட இருக்கலாம் என்று எழுதினார்.

அவர் பேச்சை வெகுகாலம் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பிள்ளைக்குக் குறை என்றால் பழி பிரசவம் பார்த்தவர் தலையில் விழுந்தது. நம் ஊரிலோ தாய் தலையிலும் விழுந்தது.

நியூயார்க்கில் ஒரு படிவம்

வர்ஜீனியா அப்கார் அறுவை மருத்துவராக வர ஆசைப்பட்டவர். பெண்ணாகப் பிறந்தவர் அந்தத் துறையில் பிழைப்பது கடினம் என்று மூத்த மருத்துவர் ஒருவர் சொல்ல, மயக்க மருந்துத் துறைக்குப் போனார். நியூயார்க்கில் கொலம்பியா பல்கலைக்கழக மருத்துவமனையில் பிரசவ அறையில் நிற்கும்போது அவர் பார்த்தது இதுதான்: குழந்தை வெளியே வந்ததும் எல்லோர் கவனமும் தாய் பக்கம் போய்விடுகிறது; நீலம் பாய்ந்து கிடக்கிற பிள்ளையை யாரும் உடனே பார்ப்பதில்லை. பிறந்த குழந்தையின் நிலையை எப்படி மதிப்பிடுவது என்று 1949இல் ஒரு நாள் காலைச் சாப்பாட்டு வேளையில் மாணவர் ஒருவர் கேட்டாராம். அது சுலபம் என்று சொல்லி, கையில் கிடைத்த காகிதத்தில் ஐந்து அம்சங்களை எழுதினாராம். இதயத் துடிப்பு, மூச்சு, தசையின் முறுக்கு, தூண்டினால் வரும் எதிர்வினை, உடம்பின் நிறம். ஒவ்வொன்றுக்கும் 0, 1 அல்லது 2 மதிப்பெண். மொத்தம் 10. 1952இல் மருத்துவர்கள் கூட்டத்தில் இதைச் சொன்னார். 1953இல் அச்சில் வந்தது. இன்று உலகத்தில் எங்கே குழந்தை பிறந்தாலும் முதல் நிமிடத்திலும் ஐந்தாவது நிமிடத்திலும் இந்த மதிப்பெண் போடுகிறார்கள். உங்கள் பேரப்பிள்ளைகளின் டிஸ்சார்ஜ் காகிதத்தில் தேடிப் பாருங்கள், அநேகமாக இருக்கும்.

அப்கார் இதை எதற்காக ஏற்படுத்தினார்? இந்த நிமிடத்தில் இந்தப் பிள்ளைக்கு உதவி வேண்டுமா வேண்டாமா என்று தீர்மானிக்க; ஒரு மயக்க மருந்துக்கும் இன்னொன்றுக்கும் உள்ள வித்தியாசத்தை ஒப்பிட. பத்து வருடம் கழித்துப் பிள்ளை எப்படி இருக்கும் என்று சொல்வதற்காக அல்ல. ஆனால் எண் என்று ஒன்று வந்துவிட்டால் சும்மா இருப்பார்களா? அலுவலகத்தில் இருந்தவர்களுக்கு இது தெரிந்த கதைதான். ஒரு காரியத்துக்காக அச்சடித்த படிவத்தைச் சில வருடம் கழித்து இன்னொரு காரியத்துக்கு எடுத்துக்கொள்வார்கள். முதலில் எதற்காக அந்தக் கட்டம் போட்டார்கள் என்பது அப்போது யாருக்கும் நினைவிருக்காது. அப்கார் மதிப்பெண் குறைந்தால் அறிவு குறையும் என்று மருத்துவர்களிலேயே பலர் நம்பத் தொடங்கினார்கள். நீதிமன்றங்களிலும் அந்த எண்ணைக் காட்டினார்கள்.

பாரிஸ் வழி

ஏறக்குறைய அதே நேரத்தில் பாரிஸில் வேறு மாதிரி ஒரு வேலை நடந்துகொண்டிருந்தது. ஆந்த்ரே-தொமா என்ற நரம்பு மருத்துவர் 1867இல் பிறந்தவர். ஓய்வு வயது தாண்டி எத்தனையோ காலம் ஆன பிறகு, பிறந்த குழந்தைகளின் நரம்பு மண்டலத்தை ஆராயப் புகுந்தார். சுசான் சேந்த்-ஆன் தார்கஸி என்ற பெண் மருத்துவரும் அவரும் சேர்ந்து 1952இல் பிறந்த குழந்தை, கைக்குழந்தை ஆகியோரின் நரம்புப் பரிசோதனை பற்றி நூல் வெளியிட்டார்கள். அப்போது பெரியவருக்கு 85 வயது. என் வயதுக்காரர்கள் இதைக் குறித்துக்கொள்ளலாம்.

அவர்கள் எண்ணைத் தேடிப் போகவில்லை. பிள்ளையைக் கையில் எடுத்துப் பார்த்தார்கள். முழங்காலை விரித்தால் எவ்வளவு விரிகிறது, குதிகாலைக் காது பக்கம் கொண்டுபோனால் எங்கே நிற்கிறது, உட்கார வைத்தால் தலை எவ்வளவு நேரம் நிற்கிறது என்று ஒவ்வொன்றாகக் குறித்தார்கள். கையைக் கழுத்துக்குக் குறுக்கே தோளில் துண்டு போடுவது போல் இழுத்துப் பார்ப்பது ஒரு சோதனை. அதன் பிரெஞ்சுப் பெயரே 'ஃபூலார்', அதாவது கழுத்துத் துணி. தொளதொளவென்று இருந்தாலும் கவலை, விறைத்துப்போனாலும் கவலை.

இந்த வேலை வளர்ந்த இடம் பாரிஸின் போர்-ருவாயால் பிரசவ மனை. பஸ்கால் பெயரோடும் ரசீன் பெயரோடும் பள்ளிக்கூடத்தில் நாங்கள் படித்த போர்-ருவாயால் மடம்தான். பிரெஞ்சுப் புரட்சிக்குப் பிறகு மடத்துக் கட்டடம் பிரசவ மனை ஆயிற்று. அங்கே அலெக்சாந்த்ர் மின்கோவ்ஸ்கி பிறந்த குழந்தைகளுக்கான ஆராய்ச்சி மையம் நடத்தினார். கொலெத் த்ரேஃபுஸ்-பிரிசாக், நிக்கோல் மொனோ என்ற இரண்டு பெண் மருத்துவர்கள் பச்சைக் குழந்தைகளின் தலையில் கம்பி பொருத்தி மூளை மின்னோட்டத்தைப் பதிவு செய்தார்கள். இ.இ.ஜி. என்கிறோமே, அது. அந்தக் கோடுகளைக் கொண்டு பிள்ளையின் வருங்காலத்தை எவ்வளவு சொல்லலாம் என்று மொனோவும் அவர் குழுவினரும் 1972இல் கணக்குப் போட்டு வெளியிட்டார்கள். கோடு தட்டையாக இருந்தாலோ, நீண்ட மௌனமும் இடையிடையே வெடிப்புமாக இருந்தாலோ நிலை மோசம். முதல் சில நாளிலேயே ஒழுங்கான கோடு வந்துவிட்டால் நம்பிக்கை.

அதே இடத்தில் க்லோதீன் அமியேல்-திசோன் இன்னொரு வழக்கத்தைக் கொண்டுவந்தார். ஒருமுறை பார்த்து முடிவு சொல்லாமல், முதல் ஒரு வருடம் குறித்த இடைவெளிகளில் திரும்பத் திரும்பப் பார்ப்பது. இன்றைக்கு இருப்பதை விட, போன தடவைக்கும் இந்தத் தடவைக்கும் என்ன மாறியிருக்கிறது என்பதுதான் அதில் முக்கியம்.

50,000 பிரசவங்களின் கணக்கு

இதற்கிடையில் அமெரிக்க அரசு 1959இல் ஒரு பெரிய காரியத்தைத் தொடங்கியிருந்தது. 12 மருத்துவமனைகள், 50,000க்கு மேற்பட்ட பிரசவங்கள். கர்ப்பத்திலிருந்து தாயைக் கவனித்து, பிறந்த பிள்ளைகளை 7 வயது வரை தொடர்ந்து பார்த்துக் குறித்துக்கொண்டார்கள். அந்தப் பதிவேடுகளை எடுத்துக் கணக்குப் பார்த்தவர்கள் காரின் நெல்சன், ஜோனஸ் எலன்பர்க் இருவரும். 1981இல் முடிவு வெளியானது.

பிறந்து 10 நிமிடம் அல்லது அதற்கு மேலும் அப்கார் மதிப்பெண் 3ஐத் தாண்டாமல், ஆனாலும் பிழைத்துக்கொண்ட பிள்ளைகள் 99 பேர். இவர்களில் எத்தனை பேருக்குப் பெருமூளை வாதம் வந்திருக்கும் என்று நினைக்கிறீர்கள்? 12 பேருக்கு. பிழைத்தவர்களில் 80 விழுக்காட்டினர் பள்ளி வயதில் பெரிய குறை எதுவும் இல்லாமல் இருந்தார்கள். மறுபக்கமும் பாருங்கள். பெருமூளை வாதம் வந்த பிள்ளைகளில் 73 விழுக்காட்டினர் ஐந்தாவது நிமிடத்தில் 7 முதல் 10 வரை நல்ல மதிப்பெண் வாங்கியவர்கள். அதாவது பிறந்ததும் நன்றாகவே அழுதவர்கள்!

1988இல் மேற்கு ஆஸ்திரேலியாவில் 183 பெருமூளை வாதக் குழந்தைகளின் பிரசவப் பதிவுகளைப் புரட்டிப் பார்த்தார்கள். பிரசவ நேரத்து மூச்சுத் தடையே காரணமாக இருக்கலாம் என்று சொல்ல முடிந்தது 15 பேருக்குத்தான், சுமார் 8 விழுக்காடு. பிரசவ வசதி குறைந்த நாடுகளில் இந்தப் பங்கு கூடுதலாகத்தான் இருக்கும். இருந்தாலும் 1897இல் ஃப்ராய்ட் கேட்ட கேள்வி நியாயமானது என்று ஒப்புக்கொள்ள 90 வருடம் ஆயிற்று.

முதல் ஒரு வாரம்

அப்படியென்றால் எதைப் பார்த்துத்தான் சொல்வது? 1976இல் ஹார்வி சார்நாட், மார்கரெட் சார்நாட் இருவரும் ஒரு கட்டுரை எழுதினார்கள். அவர்கள் பார்த்தது 21 குழந்தைகளைத்தான். ஆனால் ஒவ்வொரு பிள்ளையையும் நாள்தோறும் பார்த்தார்கள், இ.இ.ஜி.யும் எடுத்தார்கள். பாதிப்பை மூன்று படியாகப் பிரித்தார்கள். முதல் படியில் பிள்ளை கண்ணை அகல விழித்துக்கொண்டு, தொட்டால் துள்ளும்; ஒரு நாளைக்குள் சரியாகிவிடும். இரண்டாம் படியில் மந்தமாக, தளர்ந்து கிடக்கும், வலிப்பும் வரும். மூன்றாம் படியில் அசைவே இராது, மூச்சும் தடுமாறும். மூன்றாம் படிக்குப் போகாமல், இரண்டாம் படியிலிருந்து 5 நாளுக்குள் வெளியே வந்த பிள்ளைகள் பின்னால் நன்றாக இருந்தார்கள். 7 நாளுக்கு மேல் அங்கேயே கிடந்தவர்களும், இ.இ.ஜி. சீராகாதவர்களும் இறந்தார்கள் அல்லது குறையோடு வளர்ந்தார்கள். இன்றும் உலகம் முழுக்க இந்த மூன்று படியை வைத்துத்தான் மருத்துவர்கள் பேசுகிறார்கள்.

லண்டனில் 1980களில் ஆஸ்மண்ட் ரேனால்ட்ஸ் குழுவினர் இன்னொரு விஷயத்தைக் கண்டார்கள். பிள்ளையின் மூளை செல்களுக்குள் இருக்கிற சக்தியைக் காந்த அலைக் கருவியால் அளந்தார்கள். பிறந்து சில மணி நேரத்தில் எடுத்தால் பல குழந்தைகளுக்குச் சக்தி கிட்டத்தட்டச் சரியாகவே இருந்தது. அப்பாடா என்று இருக்கும்போது, ஒரு நாள் கழித்து அது சரிய ஆரம்பித்தது. அடி விழுந்தது பிரசவத்தில், சேதம் முழுசாவது அடுத்த நாளோ அதற்கடுத்த நாளோ. இடையில் சில மணி நேர அவகாசம் இருக்கிறது.

அந்த அவகாசத்தில் பிள்ளையின் உடம்பைக் குளிர வைத்தால் சேதத்தைக் குறைக்கலாம் என்று ஆட்டுக்குட்டிகளிலும் பன்றிக்குட்டிகளிலும் பரிசோதித்துக் கண்டார்கள். பிறந்த 6 மணி நேரத்துக்குள் தொடங்கி, உடல் வெப்பத்தை 33.5 டிகிரி செல்சியஸுக்கு இறக்கி, 72 மணி நேரம் அப்படியே வைத்திருக்க வேண்டும். 2005இல் வெளியான அமெரிக்க ஆய்வில், குளிர வைக்காத குழந்தைகளில் 62 விழுக்காட்டினர் இறந்தார்கள் அல்லது கணிசமான ஊனம் அடைந்தார்கள்; குளிர வைத்தவர்களில் அது 44 விழுக்காடாகக் குறைந்தது. பிரிட்டனில் இதே மாதிரி சிகிச்சை பெற்ற பிள்ளைகளை 6, 7 வயதில் பார்த்தபோது, 85க்குக் குறையாத நுண்ணறிவு எண்ணோடு பிழைத்திருந்தவர்கள் 52 விழுக்காடு. குளிர வைக்காதவர்களில் 39.

சிகிச்சை வந்ததும் முன்கணிப்பு எளிதாகும் என்று நினைப்போம். நடந்தது வேறு. குளிரிலும் தூக்க மருந்திலும் இருக்கிற பிள்ளை மந்தமாகத்தான் இருக்கும். அது நோயால் வந்த மந்தமா, குளிரால் வந்ததா? பழைய அளவுகோல்கள் ஆட்டம் கண்டன. முன்பெல்லாம் மூளை மின்னோட்டம் 24 மணி நேரத்துக்குள் சீராகாவிட்டால் நிலை மோசம் என்பார்கள். குளிர வைத்த பிள்ளைகளுக்கு 48 மணி நேரம் வரை காத்திருக்க வேண்டும் என்று 2010இல் ஒரு ஆய்வு சொன்னது.

நம் பக்கத்து அனுபவம்

மேல்நாட்டில் நன்மை செய்தது இங்கேயும் செய்யும் என்று எல்லோரும் நம்பினார்கள். அதைச் சோதிக்க இந்தியா, இலங்கை, வங்கதேசம் மூன்று நாடுகளிலும் 7 பெரிய மருத்துவமனைகளில் 408 குழந்தைகளை வைத்து 'ஹீலிக்ஸ்' என்ற ஆய்வு நடந்தது. நம் சென்னை மருத்துவக் கல்லூரியும் அதில் பங்கு. 2021இல் முடிவு வந்தது. குளிர வைத்தவர்களில் 42 விழுக்காட்டினர் இறந்திருந்தார்கள், குளிர வைக்காதவர்களில் 31 விழுக்காட்டினர். சாவும் ஊனமும் சேர்த்துப் பார்த்தால் 50க்கு 47, வித்தியாசம் இல்லை என்றே சொல்ல வேண்டும். நன்மை செய்யவில்லை என்பதோடு சாவு கூடியும் இருந்தது.

ஏன் இப்படி? இந்தப் பிள்ளைகளுக்குச் சேதம் பிரசவ நேரத்துக்கு முன்பே, மெதுவாகத் தொடங்கியிருக்கலாம்; அவகாசம் என்று சொன்னோமே, அது பிறக்கும்போதே முடிந்துபோயிருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். இதுபற்றி இன்னும் வாதம் நடக்கிறது. எனக்கு இதிலிருந்து தெரிவது ஒன்று. லண்டன் பிள்ளையை வைத்துப் போட்ட கணக்கைச் சென்னைப் பிள்ளைக்கு அப்படியே பொருத்திப் பார்க்கக் கூடாது.

படமும் அசைவும்

இன்று கையில் இருக்கிற நல்ல கருவிகளில் ஒன்று எம்.ஆர்.ஐ. படம். மூளையிலிருந்து கை காலுக்கு உத்தரவு கொண்டுபோகும் நரம்புகள் எல்லாம் ஒரு குறுகிய பாதை வழியாக இறங்குகின்றன. அந்தப் பாதை படத்தில் சரியாகத் தெரிகிறதா என்று பார்த்துப் பிள்ளை பின்னால் எப்படியிருக்கும் என்று ஓரளவு நன்றாகச் சொல்லலாம் என்பதை 1998இல் லண்டன் ஹாமர்ஸ்மித் மருத்துவமனையினர் காட்டினார்கள். ஆனால் நடப்பதைப் பற்றிச் சொல்கிற அளவுக்குப் பேச்சைப் பற்றியோ கணக்குப் பாடத்தைப் பற்றியோ படம் சொல்லாது.

இன்னொரு வழிக்குக் கருவியே வேண்டாம். ஆஸ்திரியாவில் பிறந்த ஹைன்ஸ் பிரெக்டல், நெதர்லாந்தில் க்ரோனிங்கன் நகரத்தில் இருந்துகொண்டு, கைக்குழந்தைகள் சும்மா படுத்துக் கை காலை ஆட்டுவதையே வருடக்கணக்கில் கவனித்தார். மூன்றாம் மாதம் முதல் ஐந்தாம் மாதம் வரை, நல்ல பிள்ளை மல்லாந்து படுத்திருக்கும்போது மணிக்கட்டு, கணுக்கால், கழுத்து எல்லாம் ஓயாமல் சின்னச் சின்னதாகச் சுழன்று அசையும். பாட்டிமார் பாயில் போட்டுவிட்டுப் பார்த்து ரசிப்பார்களே, அதே அசைவுதான். 1997இல் 130 குழந்தைகளின் கணக்கை வெளியிட்டார்கள். இந்த அசைவு சரியாக இருந்த 70 பேரில் 67 பேர் பின்னால் நன்றாக இருந்தார்கள். அசைவு இல்லாத, அல்லது கோளாறாக இருந்த 60 பேரில் 57 பேருக்கு நரம்புக் குறை தெரிந்தது. லட்சக்கணக்கில் செலவாகும் கருவிகளுக்கு இணையாக, பயிற்சி பெற்ற ஒருவர் சில நிமிடம் உட்கார்ந்து பார்ப்பதே போதுமாக இருக்கிறது.

சொல்வதால் நடப்பது

முன்கணிப்புக்கு இன்னொரு முகம் உண்டு. சில நாடுகளில், மோசமாகத்தான் இருக்கும் என்று மருத்துவர்களும் பெற்றோரும் முடிவுக்கு வந்தால், செயற்கை மூச்சை நிறுத்திவிடச் சட்டம் இடம் தருகிறது. பிள்ளை இறந்துவிடும். அதன்பின் அந்தக் கணிப்பு சரியா தவறா என்று சோதிக்க வழியில்லை. ஆனால் கணக்கில் அது சரியாகச் சொன்ன கணிப்பாகவே ஏறும். பதிவேடு எழுதிப் பழகியவனுக்கு இது உறுத்துகிறது. பெற்றோரின் முடிவைக் குறை சொல்ல நான் யார்? அந்த நிலையில் நின்றவர்களுக்குத்தான் தெரியும். ஆனால் 90 விழுக்காடு சரி, 95 விழுக்காடு சரி என்று எங்கேயாவது படித்தால், அதற்குள் இப்படிப்பட்ட பிள்ளைகளும் அடக்கமா என்று கேட்க வேண்டும்.

நம் ஊரில் நடப்பது வேறு விதம். முன்னே சொன்ன உறவினர் வீட்டில், ஒரு மருத்துவமனையில் இரண்டாம் நாளே, "இந்தப் பிள்ளை தேறாது, ஆக வேண்டியதைப் பாருங்கள்" என்று சொல்லிவிட்டார்கள். இன்னொரு இடத்தில், "ஒன்றுமே இல்லை, எல்லாப் பிள்ளையும் போல ஓடும்" என்றார்கள். வீட்டுக்குள் இன்னொரு விசாரணை நடந்தது. கிரகணத்தன்று மருமகள் வெளியே போனாளா, என்ன தின்றாள், யார் கண் பட்டது என்று. அந்தப் பெண் மூன்று மாதம் யாரிடமும் நிமிர்ந்து பேசவில்லை. பையனுக்கு இப்போது எட்டு வயது. ஒரு கால் லேசாக இழுக்கும். கணக்கு வராது. கதை சொல்ல உட்கார்ந்தால் எழுந்திருக்க மாட்டான், பஸ் நம்பர் அத்தனையும் மனப்பாடம். இரண்டு ஆஸ்பத்திரித் தீர்ப்பும் பொய்யாயிற்று. அவர்கள் இரண்டாவதாகப் போன இடத்தில், தாடி வைத்த ஒரு இளம் மருத்துவர் மட்டும், "இப்போது சொல்ல முடியாது அம்மா, மூன்றாம் மாதம் கொண்டுவாருங்கள், பார்த்துச் சொல்கிறேன்" என்றாராம். மறைக்கிறார் என்று அவர்மேல்தான் எல்லோருக்கும் கோபம். 160 வருடத்துக் கதையைப் படித்த பிறகு எனக்குத் தோன்றுகிறது: அந்த வீட்டில் உண்மையைச் சொன்னவர் அவர் ஒருவர்தான்.

ஆகவே உங்கள் வீட்டிலோ தெரிந்தவர் வீட்டிலோ இப்படி ஒரு பிள்ளை பிறந்தால், இந்தக் கிழவன் சொல்வதைக் கேளுங்கள். முதல் வாரத்தில் யாரையும் தீர்ப்புச் சொல்லும்படி நெருக்காதீர்கள். தாயைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றாதீர்கள். ஐந்தாவது, பத்தாவது நிமிட அப்கார், எந்தப் படிப் பாதிப்பு, எத்தனை நாள் நீடித்தது, வலிப்பு வந்ததா, இ.இ.ஜி., எம்.ஆர்.ஐ. முடிவு என்ன, இவையெல்லாம் எழுதிய டிஸ்சார்ஜ் காகிதத்தைக் கேட்டு வாங்கி, நகல் எடுத்து, ஒரு கோப்பில் போட்டு வையுங்கள். மூன்றாம் மாதம் தவறாமல் காட்டுங்கள். தலை நின்றது என்றைக்கு, முகம் பார்த்துச் சிரித்தது என்றைக்கு, குப்புற விழுந்தது என்றைக்கு என்று தேதி போட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். பாட்டி தாத்தாவுக்கு ஏற்ற வேலை இது. குறை தெரிந்தால் ஒரு வயது ஆகட்டும், இரண்டு வயது ஆகட்டும் என்று தள்ளிப்போடாதீர்கள். பிள்ளையின் மூளை வளர்கிற காலத்திலேயே பயிற்சி தொடங்க வேண்டும். 2013இல் வந்த மத்திய அரசுத் திட்டத்தின்கீழ் மாவட்ட ஆரம்பகால இடையீட்டு மையங்கள் ஏற்படுத்தியிருக்கிறார்கள். அங்கே கட்டணம் கிடையாது. அரசு ஆஸ்பத்திரியில் விசாரித்தால் வழி சொல்வார்கள். போகும்போது அந்தக் கோப்பை மறக்காமல் எடுத்துக்கொண்டு போங்கள்.